பத்தரின் தராசும் என் பிளாஸ்டிக் இறாலும்

ஒரே டின்னில் இருந்து எடுத்த பிளாஸ்டிக்கை ஒரே அச்சில் வார்த்திருந்தும், தூண்டிலில் இரையாக மாட்டுவதற்கு முதல் வாரம் நான் செய்த இறால்கள் வாடிய கீரைத்தண்டைப் போலத் துவண்டன. ஐந்தாம் வாரம் செய்தவையோ வாலை அசைக்கவே மறுத்தன. குற்றம் சரக்கில்தான் இருக்கிறது என்று நான் முடிவு செய்துவிட்டேன். விற்றவர் பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டார் என்று மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டவர்த்தில் இருக்கும் பத்தர் மாமாவிடம் புலம்பினேன். அவர் பதில் சொல்லாமல் டின்னின் மூடியைத் திறந்து, ஒரு நீளமான கம்பியை அடிவரை விட்டு ஒருமுறை சுரண்டி எடுத்தார். கம்பியின் நுனியில் பிசைந்த மாவைப் போன்ற வெள்ளைக் கட்டி ஒட்டிக்கொண்டு வந்தது.

"தம்பி, சாமான் நல்ல சாமான்தான். இவ்வளவு நாளா மேல நிக்கிற எண்ணெயை நீங்க அளந்து எடுத்திருக்கீங்க. இப்பதான் அடியில இருக்கிறதுக்கு வந்திருக்கீங்க" என்றார்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பகலெல்லாம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். வீட்டுக்கு வந்ததும் தூண்டில் இரை செய்வதற்கு மட்டும் ஒரு மருந்துக் குவளையையும் கண்ணையும் நம்பிக்கொண்டிருந்தேன். பத்தர் மாமாவோ நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நகைப் பட்டறையில் உட்கார்ந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டின் பின்கட்டில் பட்டறை, ஊதுகுழல், திராவகப் புகையை வெளியே தள்ளும் மின்விசிறி எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிறை ஆற்று முகத்திலோ ஜெரெஜாக் தீவின் ஓரத்திலோ இருவரும் சேர்ந்து தூண்டில் போடுவது வழக்கம். நான் செய்த இறால்களைப் பார்த்துச் சிரிப்பதற்காகத்தான் அவர் முதலில் இந்த வேலைக்குள் வந்தார். இப்போது என்னைவிட அவருக்குத்தான் இதில் பிடிவாதம் அதிகம்.

டின்னுக்குள் இருப்பது என்ன என்று சரியாகத் தெரிந்துகொள்ளாமல் அதை அளக்க முடியாது. நாங்கள் வாங்குவதற்குப் பிளாஸ்டிசால் என்று பெயர். மிக நுண்ணிய பி.வி.சி. தூள் ஒரு கெட்டியான எண்ணெயில் கரையாமல் மிதந்துகொண்டிருக்கும் பால் அது. அந்த எண்ணெய்தான் பிளாஸ்டிக்கை இளக வைக்கிறது. ஆகவே அதை இளக்கி என்றே எழுதுகிறேன். மூடியை முதன்முதலாகத் திறந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பால்மரத் தோட்டம்தான். என் அப்பா கெடாவில் ஒரு தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகையில் வேலை செய்தவர். வாளியில் வந்து சேரும் ரப்பர் பாலும் இதே நிறம். அதிலும் நுண்ணிய துகள்கள்தான் மிதக்கின்றன. அங்கே மிதப்பது தண்ணீரில், இங்கே எண்ணெயில். அதை உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் வேண்டும், இதற்குச் சூடு போதும். ஆனால் அளவைப் பொறுத்த வரையில் இரண்டுக்கும் ஒரே சிக்கல். ஒரு வாளிப் பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பது வாளியைப் பார்த்தால் தெரியாது. அதனால்தான் தோட்டத்தில் பாலுக்குள் மிதவைமானியை விட்டுப் பார்த்து, உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்கிட்டுக் கூலி எழுதினார்கள். அப்பா இதைப் பலமுறை சொல்லியும், பிளாஸ்டிசால் டின்னை எடுத்தபோது எனக்கு அது உறைக்கவில்லை.

இந்தப் பொருளின் பிறப்புக்கும் ரப்பருக்கும் ஓர் உறவு உண்டு. மலாயாவின் ரப்பரை வாங்கிக் குவித்த அமெரிக்க டயர்த் தொழிலின் தலைநகராக இருந்த ஊர், ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன். அங்கே குட்ரிச் நிறுவனத்தில் வேலை செய்த வால்டோ சீமன், 1926இல், ரப்பரை உலோகத்தோடு ஒட்டுவதற்கு ஒரு பசையைத் தேடிக்கொண்டிருந்தபோது, எதற்கும் உதவாது என்று கருதப்பட்ட பி.வி.சி.யை அதிகக் கொதிநிலை கொண்ட ஒரு திரவத்தோடு சேர்த்துச் சூடாக்கினார். பசை கிடைக்கவில்லை, வளைந்து நெளியும் ஒரு பொருள் கிடைத்தது. அதே ஆக்ரனில்தான் 1949இல் நிக் கிரீம் என்பவர் வீட்டில் வைத்தே பிளாஸ்டிக் மண்புழுவை வார்த்தெடுத்தார். இன்று பினாங்குத் தூண்டில் கடைகளில் வரிசையாகத் தொங்கும் ரப்பர் மீனும் ரப்பர் இறாலும் அந்தப் புழுவின் வாரிசுகள். ரப்பர் என்று நாம் பழக்கத்தில் சொன்னாலும் அவற்றில் ரப்பர் துளியும் இல்லை.

அந்த டின்னுக்கு இப்போது ஒரு சடங்கு இருக்கிறது. வார்ப்பதற்கு முந்தைய நாள் இரவே அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பேன். காலையில் நிமிர்த்தி, அகலமான தட்டைக் கரண்டியால் அடி சுரண்டப்படும்வரை மெதுவாகக் கிளறுவேன். துளையிடும் இயந்திரத்தில் கலக்கியைப் பொருத்திச் சுழற்றினால் வேலை ஒரு நிமிடத்தில் முடியும் என்பது உண்மைதான். ஆனால் அது காற்றையும் சேர்த்து அடித்துவிடும்; அந்தக் காற்றுக்குமிழிகள் பிறகு இறாலின் கண்ணருகே வந்துதான் உட்காரும். கரண்டியில் கட்டி ஒட்டாமல் வரும்வரை ஒரு கிராம்கூட வெளியே எடுப்பதில்லை. துல்லியமான தராசு இருந்து என்ன, நிறுக்கப்படும் பொருளே மேலொன்றும் கீழொன்றுமாக இருந்தால்?

தராசைப் பற்றிச் சொல்லவேண்டும். நூறில் ஒரு கிராம் காட்டும் நகைத் தராசைப் பத்தர் எனக்குக் கொடுத்தபோது இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். கண்ணாடி அளவைக் குவளையை அதன்மேல் வைத்த உடனேயே தராசு கை விரித்துவிட்டது. அது தாங்கும் எடை 300 கிராம். வெறும் குவளையே அதைத் தாண்டியது. ஆகவே பிளாஸ்டிசாலையும் இளக்கியையும் ஒரு கிராம் காட்டும் சமையலறைத் தராசில் நிறுப்பது என்றும், சாயத்தையும் மினுக்குத்தூளையும் நகைத் தராசில் நிறுப்பது என்றும் பிரித்துக்கொண்டோம். அதிலும் ஒரு தொல்லை. சாயத்தைச் சிறு காகிதக் கிண்ணத்தில் 0.15 கிராம் நிறுத்துக் குவளைக்குள் கவிழ்த்தால், பாதி கிண்ணத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. நான் கிண்ணத்தை வழித்து வழித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தர் சாயப் புட்டியையே தராசில் ஏற்றினார். அளவைக் குறித்துக்கொண்டார். குவளைக்குள் சில சொட்டுகளை விட்டுவிட்டுப் புட்டியை மறுபடி தராசில் வைத்தார். "குறைஞ்சது எவ்வளவோ, உள்ள போனது அவ்வளவு. நாங்க பொன்னைக் கொடுத்து வாங்கறது இப்படித்தான். வேலைக்குப் போன பொன், திரும்பி வந்த நகை, ராவின தூள், மூணையும் நிறுத்தா சேதாரம் தானா தெரியும்" என்றார். கிண்ணத்தில் ஒட்டுவதும், விரலில் படுவதும், மேசையில் சிந்துவதும் இந்த முறையில் கணக்கைக் கெடுப்பதில்லை. மேசையில் சிந்தினால் கெடும் என்று நான் வாதாடினேன். சிந்தாமல் விடுங்கள் என்பது அவருடைய பதில். நிறுக்கும்போது மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்தவேண்டும் என்பதையும் அவரிடம்தான் கற்றேன். விசிறிக் காற்றிலேயே கடைசி இலக்கம் ஆடிக்கொண்டிருக்கும்.

சொட்டுக் கணக்கை நான் முழுவதுமாகக் கைவிட்டதும் அந்த நாளில்தான். பொதுவாகக் கிடைக்கும் செய்முறைகள் ஒரு குவளைக்கு ஐந்து சொட்டுப் பச்சை, இரண்டு சொட்டுப் பழுப்பு என்றுதான் சொல்கின்றன. எந்த மூக்கு வழியாக விழுந்த சொட்டு, புட்டி நிறைந்திருந்தபோதா காலியாகும்போதா, சாயம் சூடாக இருந்ததா என்பதைப் பொறுத்துச் சொட்டு சிறுக்கும், பெருக்கும். இரு புட்டிகளில் இருந்து பத்துப் பத்துச் சொட்டுகள் விட்டு நிறுத்துப் பார்த்தேன், ஒன்று 0.31 கிராம், மற்றது 0.46. மேலும், 0.15 போன்ற சிறிய எடையில் தராசின் கடைசி இலக்கம் ஒன்று தவறினாலே நிறத்தில் தெரியும். ஆகவே இப்போது 5 கிராம் சாயத்தை 45 கிராம் இளக்கியில் முன்கூட்டியே கரைத்து வைத்துக்கொள்கிறேன். 0.15 கிராம் சாயம் வேண்டுமென்றால் இந்தக் கரைசலில் 1.50 கிராம் விட்டால் போதும், தவறினாலும் பத்தில் ஒரு பங்குதான் தவறும். அதோடு 1.35 கிராம் இளக்கியும் உள்ளே போகிறது என்பதை மறக்காமல், பிறகு சேர்க்கவேண்டிய இளக்கியில் அதைக் கழிக்க வேண்டும். மூன்று நிறங்கள் கலக்கும் நாட்களில் இது நான்கு, ஐந்து கிராம் ஆகிவிடும். கழிக்காமல் விட்டால் வால் ஏன் தொளதொளக்கிறது என்று பிறகு விழிக்க வேண்டியதுதான்.

இளக்கிதான் இந்த வேலையின் உயிர். அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். முதலில், நூற்றுக்குப் பத்து என்று சொல்லும்போது எந்த நூற்றுக்கு என்ற கேள்வி இருக்கிறது. நூறு கிராம் பிளாஸ்டிசாலில் பத்து கிராம் இளக்கியைச் சேர்த்தால் மொத்தம் 110 கிராம். அதில் சேர்த்த இளக்கி 9.09 விழுக்காடுதான். நான் சில நாள் ஒரு விதமாகவும் சில நாள் மறுவிதமாகவும் கணக்குப் போட்டுக் குறிப்பேட்டை நாசமாக்கி வைத்திருந்தேன். பத்தருக்கு இது அன்றாடக் கணக்கு. நூறு கிராம் சொக்கத் தங்கத்தை 22 காரட் ஆக்குவதற்கு, இருபத்துநாலில் இரண்டு பங்கு தானே என்று 8.33 கிராம் செம்பைச் சேர்க்கிறவன் பட்டறையில் நிலைக்க மாட்டான், சேர்க்கவேண்டியது 9.09 கிராம். இரண்டில் எதை வைத்துக்கொண்டாலும் சரி, ஒன்றையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அன்று முதல் எல்லாவற்றையும் நூறு கிராம் பிளாஸ்டிசாலுக்கு எத்தனை கிராம் என்றே எழுதுகிறேன். உப்பாக இருந்தாலும் மினுக்குத்தூளாக இருந்தாலும் அடி எண் நூறுதான்.

அடுத்தது, எவ்வளவு இளக்கி வேண்டும் என்பது. அமெரிக்க ஏரிகளில் மீன் பிடிப்பவர்கள் எழுதிய செய்முறையை நம்பி, நூற்றுக்குப் பத்து என்று தொடங்கினேன். பட்டறையில் கையில் எடுத்து ஆட்டியபோது வால் மிக அழகாக நெளிந்தது. பிறை ஆற்றில் போட்டபோது மூன்றாவது வீச்சிலேயே இறால் முள்ளில் இருந்து வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. ஐந்தாவது வீச்சில் வாலே இல்லை. நம் கடலில் பேத்தை மீன் மிகுதி. மலாய்க்காரர்கள் புந்தால் என்று சொல்லும் அந்த உருண்டை மீன், கிளியின் அலகைப் போன்ற பல்லால், கத்தரித்ததைப் போல வாலை நறுக்கிவிட்டுப் போய்விடும். கொடுவா வந்து கவ்வும்வரை இரை முழுதாக இருந்தால்தானே?

இதில் தண்ணீரின் வெப்பத்துக்கும் பங்கு இருக்கும் என்று சந்தேகித்து ஒரு சோதனை செய்தோம். பத்து மில்லிமீட்டர் அகலமும் மூன்று மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட நாடாக்களாகக் கலவையை வார்த்து, நூறு மில்லிமீட்டர் தூரத்தில் இரு கோடுகள் போட்டு, கீழே நூறு கிராம் ஈயக்குண்டைத் தொங்கவிட்டு, ஒரு நிமிடம் கழித்து அந்தத் தூரத்தை அளந்தோம். இளக்கி சேர்க்காத நாடாவில் அந்த நூறு 114 மில்லிமீட்டராக நீண்டது. நூற்றுக்கு ஐந்து சேர்த்தது 117. பத்து சேர்த்தது 121. பிறகு அந்தப் பத்து சேர்த்த நாடாவைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் ஊறவைத்து, அதிலேயே தொங்கவிட்டு அளந்தால் 115 மில்லிமீட்டர்தான். ஏறத்தாழ இளக்கியே சேர்க்காததைப் போல அது நடந்துகொண்டது. குளிர்ந்த ஏரிக்கு எழுதப்பட்ட பத்தை, ஆண்டு முழுவதும் முப்பது டிகிரியை ஒட்டியே இருக்கும் பினாங்குக் கடலில் அப்படியே போட்டதுதான் நான் செய்த பிழை. இப்போது இறாலுக்கு நான்கு, நீண்ட வாலுள்ள மீனுக்கு ஆறு. பேத்தை அதிகம் உள்ள இடத்துக்கு இளக்கியே இல்லாமல், கெட்டி வகைப் பிளாஸ்டிசாலை நூற்றுக்கு இருபது கலந்து வார்க்கிறேன். புது டின் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நாடாவை வார்த்து ஈயக்குண்டைத் தொங்கவிடாமல் வேலையைத் தொடங்குவதில்லை.

உப்பைச் சேர்ப்பது இரண்டு காரணங்களுக்காக. மீன் கவ்வியதும் உடனே துப்பாமல் சற்று நேரம் வாயில் வைத்திருக்கும் என்பது ஒன்று. அதை நான் நம்புகிறேனா என்று கேட்டால் பாதி நம்பிக்கைதான். மற்றொன்று எடை. இதில் ஐயத்துக்கு இடமில்லை. பொன்னின் மாற்றை நீரில் நிறுத்துப் பார்ப்பதைப் போலப் பத்தர் என் இறாலையும் நிறுத்துப் பார்த்தார். உப்பில்லாத இறால் 6.30 கிராம், அது விலக்கிய தண்ணீர் 6.00 கிராம், ஆக அதன் அடர்த்தி 1.05. கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. எனவே கடலுக்குள் அந்த இறாலின் எடை வெறும் 0.15 கிராம்தான். நூற்றுக்கு இருபது உப்பு சேர்த்த இறால் அதே அச்சில் 6.9 கிராம் வந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் அரை கிராம் வித்தியாசம் யாருக்கும் தெரியாது. ஆனால் கடலுக்குள் அதன் எடை 0.75 கிராம், அதாவது ஐந்து மடங்கு. ஈயத்தலை மாட்டாமல் வெறும் முள்ளோடு கரையோரப் பாறைகளுக்கு நடுவே இறக்கும்போது, மிதந்து மிதந்து இறங்குவதற்கும் விறுவிறுவென்று அடி தொடுவதற்கும் உள்ள வித்தியாசம் இந்த இருபது கிராம் உப்புதான். விலை என்னவென்றால், கண்ணாடி போன்ற தெளிவு போய்விடும். இறால் சீக்கிரம் கிழியும்.

பினாங்கில் உப்புக்கு இன்னொரு விலையும் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றில் இருந்தே தண்ணீரை உறிஞ்சத் தொடங்கும். இங்கே அதைத் தாண்டாத இரவு அரிது. மழைநாள் ஒன்றில் தட்டில் 50 கிராம் தூள் உப்பை இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் நிறுத்தால் 51.6 காட்டியது. அந்த ஒன்றரை கிராமும் தண்ணீர். 175 டிகிரியில் இருக்கும் பிளாஸ்டிக்குக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்பதைத் தாளிக்கத் தெரிந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடுகு தெறித்தால் உதறிவிடலாம், இது தோலில் ஒட்டிக்கொண்டு எரியும். நீராவியாகும் தண்ணீர் ஆயிரத்து எழுநூறு மடங்குக்குப் பெருகுகிறது. ஆகவே உப்பை மாவாக அரைத்து, 150 டிகிரி அடுப்பில் ஒரு மணிநேரம் உலர்த்தி, சூட்டோடு சூடாகப் புட்டியில் அடைத்து, நிறுக்கும்போதுதான் திறக்கிறேன். ஐஸ்கிரீம் குச்சியால் கிளறுவதையும் இதே காரணத்துக்காக விட்டேன். மரத்துக்குள் இருக்கும் ஈரம் ஓயாமல் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த அறிவெல்லாம் வருவதற்கு முன்பு நான் செய்த மடத்தனத்தையும் எழுதிவிடுகிறேன். இறால் வாசனைக்கு எங்கே போவது, பினாங்குக்காரனுக்குப் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கிறதே என்று, சம்பாலுக்கு வறுப்பதைப் போல வறுத்துப் பொடித்து, நூற்றுக்கு மூன்று என்று நிறுத்துச் சூடான கலவையில் போட்டேன். வறுத்ததில் ஈரம் முழுதாகப் போயிருக்கவில்லை. கலவை பொங்கி எழுந்து, குவளையின் வாயைத் தாண்டி மேசையில் வழிந்தது. எஞ்சியது கருகியது. அன்று என் வீடு சுங்கை நீபோங் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடி. பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி கதவைத் தட்டி, எந்தக் கடையில் பெலாச்சான் வாங்கினேன், இவ்வளவு கெட்ட வாடை அடிக்கிறதே என்று கவலையோடு விசாரித்தார். வார்ப்பு வேலை முழுவதும் பத்தரின் பட்டறைக்கு மாறியது அந்த வாரம்தான். வாசனை வேண்டுமென்றால் இறால் ஆறிய பிறகு எண்ணெயோடு கலந்து மேலே பூசினால் போதும். அது அளவு தவறினாலும் கையைச் சுடாத ஒரே பொருள்.

சூடாக்குவதைப் பாகு காய்ச்சுவதோடு ஒப்பிடலாம். 110 கிராம் கலவையை மைக்ரோவேவ் அடுப்பில் முதலில் ஒன்றரை நிமிடம் வைக்கிறேன். சமையலுக்குப் பயன்படுத்தாத, இதற்கென்றே வைத்திருக்கும் அடுப்பு. பால் முதலில் தயிராகும். பிறகு கேழ்வரகுக் களியைப் போல இறுகிக் கரண்டியில் சுருண்டு வரும். இந்த இடத்தில் புதியவர்கள் பயந்து இளக்கியை ஊற்றிவிடுவார்கள், நானும் ஊற்றியிருக்கிறேன். ஊற்றக்கூடாது. துகள்கள் எண்ணெயை உறிஞ்சி வீங்கும் நிலை அது. அரை அரை நிமிடமாகச் சூட்டை ஏற்றிக் கிளறிக்கொண்டே போனால், 170 டிகிரியை ஒட்டி வெள்ளை முழுதும் மறைந்து, கலவை தேனைப் போலத் தெளிந்து ஒழுகும். 180 டிகிரிக்கு மேல் விடுவதில்லை. அதைத் தாண்டினால் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், மூக்கைக் குத்தும் ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும். தெளிந்த பிறகு வெப்பத்தைத் தள்ளியிருந்தே காட்டும் துப்பாக்கி வெப்பமானியை நம்பலாம். ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது, ஆகவே கிளறிவிட்டுத்தான் குறி வைக்க வேண்டும். திராவகப் புகைக்காகப் பத்தர் வைத்த விசிறி இதற்கும் பயன்படுகிறது. அதோடு அமில வாயுவைத் தடுக்கும் வடிகட்டி போட்ட முகமூடியும், நீண்ட கையுறையும் இல்லாமல் அவர் என்னை உள்ளே விடுவதில்லை. இளக்கியிலும் தாலேட்டு என்ற வேதிப்பொருள் இல்லாததையே இப்போது வாங்குகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்களில் கட்டுப்படுத்திய பொருளை நான் ஆற்றில் கொண்டுபோய்ப் போடுவானேன்?

சாயத்தை வெள்ளைப் பாலில் பார்த்துத் தீர்மானிப்பது வீண். அப்போது எல்லாம் குழந்தைச் சட்டையின் நிறமாக வெளிறித் தெரியும். தெளிந்த பிறகு குவளையில் பார்த்தாலும் ஏமாற்றம்தான், ஏனென்றால் ஆழம் அதிகமாக இருப்பதால் கறுத்துத் தெரியும். ஒரு துளியை வெள்ளைப் பீங்கான் ஓட்டில் விட்டு, இறாலின் தடிமனுக்குத் தட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுதான் வழி. மினுக்குத்தூளைக் கடைசியில், நூற்றுக்கு ஒரு கிராமுக்கு மேல் போகாமல் சேர்க்கிறேன். உப்பும் மினுக்கும் குவளையின் அடியில் இறங்கிக்கொண்டே இருப்பதால், ஒவ்வோர் அச்சுக்கு முன்பும் கிளற வேண்டும். இல்லையென்றால் முதல் இறால் மிதக்கும், பத்தாவது இறால் கல்லாக இறங்கும். டின்னில் நடந்த அதே கதை குவளையில் மறுபடி நடக்கும்.

அச்சுகளைப் பற்றிச் சுருக்கமாக. எங்கள் முதல் அச்சு பாரிஸ் சாந்து: நூறு கிராம் சாந்துக்கு 65 கிராம் தண்ணீர் என்று நிறுத்துக் கலந்தது. வெயிலில் ஒரு வாரம் காய்ந்த பிறகும் தராசில் எடை குறைந்துகொண்டே வந்தது; எடை நிலைத்து நின்ற நாளில்தான் உள்ளே ஈரமில்லை என்று நம்பி, எபாக்சி பூசினோம். சிலிக்கான் அச்சுக்கு மாறியபோது, மூலவுருவை வனைந்த களிமண்ணில் கந்தகம் இருந்ததால், களிமண்ணைத் தொட்ட பக்கமெல்லாம் சிலிக்கான் இறுகாமல் பிசுபிசுத்துப்போனது. பிறகு பத்தர் மெழுகில் செதுக்கிக் கொடுத்தார். பவளமாலையில் பூ செதுக்கிய கை, இறாலின் மீசைக்கு அஞ்சுமா?

செய்து முடித்தவற்றை அடுக்குவதற்கு நல்ல கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி, அது ஒரே மாதத்தில் உருகி இறால்களோடு ஒன்றிப்போனதும் நடந்தது. இளக்கி அந்த வகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். இப்போது பாலித்தீன் பைகள்தான், நிறத்துக்கு ஒரு பை. கறுப்பையும் வெள்ளையையும் ஒன்றாக வைத்தால் ஒரே வாரத்தில் இரண்டும் சாம்பல் நிறம். கிழிந்தவற்றை ஆற்றில் எறியாமல் கொண்டுவந்து மறுபடி உருக்குகிறோம். ஆனால் அந்தப் பழைய சரக்கில் இளக்கி எவ்வளவு மிச்சம் என்று எந்தத் தராசும் சொல்லாது. அதனால் நாடாவும் ஈயக்குண்டும்தான் அதற்குத் தீர்ப்பு வழங்குகின்றன.

குறிப்பேட்டில் இப்போது 62ஆவது கலவை. பிளாஸ்டிசால் 100, இளக்கி 2.20, பச்சைக் கரைசல் 1.40, பழுப்புக் கரைசல் 0.60, பொன்னிற மினுக்கு 0.40, உப்பு இல்லை, நாடா 116. சந்தையில் உயிரோடு துள்ளும் இறாலின் உடம்பில், பச்சையா சாம்பலா என்று சொல்ல முடியாத ஒரு தெளிவு உண்டு. அதற்கு இன்னும் சற்றுத் தள்ளியே நிற்கிறேன். பழுப்பைப் பத்தில் ஒரு கிராம் குறைத்தால் வந்துவிடும் என்பது என் கருத்து. பத்தர் மாமா ஓட்டில் விட்ட துளியைச் சன்னலோரம் நீண்ட நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அஞ்சு பங்குல ஒரு பங்கு போதும் தம்பி, 0.02 குறைங்க" என்றார். பழுப்புப் புட்டியைத் தராசில் ஏற்றியிருக்கிறேன். 48.37 காட்டுகிறது. விசிறியை நிறுத்த வேண்டும்.